ஷீட் கடைத் தராசு

குலசேகரம் சந்தைக்குப் பின்னால்
செல்லக்கண்ணுவின் ஷீட் கடை.
ஆள் இல்லாத நேரம் பார்த்துத்
தராசில் ஏறி நிற்கிறேன்.
தொண்ணூற்று நான்கு கிலோ முந்நூறு.
"ஈரம் கழிச்சா தொண்ணூறு வரும் ஓய்"
என்கிறார், கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல்.
என் ஷீட்டுக்கும் இதைத்தான் சொல்வார்.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
வெள்ளை மாத்திரை எழுதின அன்று
எழுபது இருந்தேன்.
முதல் மாசம் நன்றாக உறங்கினேன்.
இரண்டாம் மாசம்
மரங்கள் என் பெயர் சொல்வதை நிறுத்தின.
மூன்றாம் மாசம்
வயிறு பேச ஆரம்பித்தது.

இது பசி இல்லை டாக்டரம்மா.
பசியை எனக்குத் தெரியும்.
ஆனி மழையில் பால்வெட்டு முடங்கினால்
வீட்டுக்குள் வந்து உட்காரும்,
நாலு துண்டு மரச்சீனி, ஒரு கட்டன் காப்பி,
எழுந்து போய்விடும்.
இது போகாது.
சாளைக் கறியும் சம்பாச் சோறும்
மூன்று தட்டு முடித்து
கழுவின கை காயும் முன்னே
அடுப்பங்கரையில் நின்று கூப்பிடும்.

ஒரு நாள் ஜெபிஷாவின் பள்ளிக்கூடப் பைக்குள்
கை விட்டேன். பாதி கடித்த பன்.
வாசலில் நின்று பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் பையில்
இரண்டு பன் இருந்தது.
இரண்டையும் தின்றேன்.

போன மார்கழியில்
கிறிஸ்மஸுக்குச் சட்டை எடுக்கப் போய்
டபுள் எக்ஸெல்லும் பூட்டாத அன்று
மாத்திரையை ஒட்டுப்பால் சாக்கில் போட்டேன்.
பதினாறு நாள்.
புஷ்பலீலாவுக்குக்கூடத் தெரியாது.
ஐந்து கிலோ குறைந்தது.
திருச்சபையில் ஒருத்தர்
"ஆளு சுகமாயிட்டாரே" என்றார்.
பதினேழாம் நாள்
விடிய இன்னும் நேரம் கிடக்க
இருநூற்றுப் பன்னிரண்டாவது மரம்
"லேய் ரசலையா" என்றது.
கையில் கத்தி இருந்தது.
அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.
தலைவிளக்கை அணைத்தேன்.
அவள் டார்ச்சோடு தேடி வரும்வரை
சருகில் உட்கார்ந்திருந்தேன்.

"நிறுத்தக்கூடாது, மாற்றிப் பார்க்கலாம், மெதுவா"
என்றார் டாக்டரம்மா.
சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார்.
தினமும் நடக்கச் சொன்னார்.
நானூறு மரம் சுற்றுகிறேன் அம்மா,
ஏற்றமும் இறக்கமுமாய், என்றேன்.
பேனா நின்றது. சிரித்துவிட்டார்.
பிறகு வெகுநேரம் எழுதினார்.

மாத்திரை வரிசையில்
முட்டத்துக்காரர் ஒருத்தர், பனியடிமை.
"நான் வள்ளத்துல ஒரு பக்கம் இருந்தா
மத்த மூணு பேரும் மறுபக்கம் போவணும்"
என்று தொப்பையைத் தட்டினார்.
குரலைத் தாழ்த்தி ஒரு வழியும் சொன்னார்:
"ராத்திரி தின்னதும் பல்லைத் தேய்ச்சிரணும்.
பேஸ்ட்டு வாயில பன்னு ருசிக்காது."
உமக்குப் பலிக்குதா?
"நாலு நாளைக்கு ஒரு நாள்."

புஷ்பலீலா ஒரு பூட்டு வாங்கி வந்தாள்.
அடுப்பங்கரைக் கதவருகே கொஞ்சநேரம் நின்றாள்.
பூட்டவில்லை.
பூட்டும் சாவியும்
உப்புச் சிரட்டைக்குப் பக்கத்தில் கிடக்கின்றன.
மிக்சர் டப்பா மட்டும்
அவள் தங்கச்சி வீட்டுக்குக் குடிபோயிற்று.

ராத்திரி இரண்டு மணி.
மூடி வைத்த சட்டியில்
அவித்த சிறுபயறு, வெள்ளரிக்காய்,
ஒரே ஒரு மட்டிப்பழம்.
விரல் நீளப் பழம்.
ஏழு கடியாக்குகிறேன்.
தோலின் உள்பக்கத்தையும் பல்லால் வழிக்கிறேன்.
பல் தேய்க்கிறேன்.
சில நாள்
தேய்த்த வாயோடு மீதிக் குலையைத் தேடுகிறேன்.
பரணில், அரிசிப் பானையில், அவள் சேலைகளுக்கு நடுவில்.
சில நாள் கிடைத்தும் விடுகிறது.

தலைவிளக்கின் வாரில்
கடைசி ஓட்டைக்கும் அப்பால்
ஆணி சுட்டு ஒரு ஓட்டை போட்டிருக்கிறேன்.
இடுப்பில் பேட்டரி, கையில் கத்தி.
இருநூற்றுப் பத்து, பதினொன்று.
பன்னிரண்டில் வெட்டி முடித்து
கொஞ்சம் நின்று காது கொடுக்கிறேன்.
சிரட்டையில் பால் சொட்டுகிறது.
வயிறு இரைகிறது.
அடுத்த மரத்துக்குப் போகிறேன்.